எத்தனை படி இறங்க வேண்டும்

இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்கப் போகிறவன் முதலில் மூன்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். தப்பு யாரிடம் நடந்தது? வாயால் நடந்ததா, கடுதாசியில் நடந்ததா? துரை சாப்பிட்டாயிற்றா? இந்த மூன்றுக்கும் பதில் வராமல் எங்கள் குமாஸ்தா மைக்கூட்டின் மூடியைத் திறந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

திருத்தணியிலிருந்து இரண்டு மைலில் வெள்ளைக்காரர் ஒருவரின் கல் கம்பெனி இருந்தது. இப்போது அந்தக் கம்பெனியும் இல்லை, அது வெட்டிய குன்றில் பாதியும் இல்லை. யுத்த காலம் அது. அரக்கோணம் பக்கம் விமானம் இறங்க மைதானம் போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஜல்லி வண்டியில் ஏறி ஸ்டேஷனுக்குப் போய், அங்கிருந்து வேகனில் ஏறி அரக்கோணம் போகும். நான் அந்த ஆபீஸில் டைப்பிஸ்ட். என்னை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'டைப்பு' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் ஹெட் குமாஸ்தா. ஆபீஸுக்குள் 'குமாஸ்தா சார்'. வெளியே கல் உடைக்கிறவர்களும் வண்டிக்காரர்களும் 'படிக்காரர்' என்பார்கள்.

அந்தப் பேருக்குக் காரணம் எங்கள் மலை. வருஷத்துக்கு எத்தனை நாளோ முருகனுக்கு அத்தனை படி என்பது ஊர் வழக்கு. அவர் இங்கிலீஷ் மன்னிப்பு எல்லாவற்றையும் அந்தப் படிகளில் வரிசையாக உட்கார வைத்திருந்தார்.

"துரை உச்சியில நிக்கிறார்னு வெச்சுக்கோ. நீ தப்பு பண்ணிட்ட. நின்ன எடத்துலயே நின்னுகினு பேசினா அது மன்னிப்பு இல்ல, பேச்சு. எத்தினி படி எறங்கணும்னு மொதல்ல முடிவு பண்ணு. வார்த்த தானா வரும்" என்பார்.

'எக்ஸ்க்யூஸ்' என்றால் பத்துப் படி. ஜுரம், வயிற்றுப்போக்கு, மாமியார் சாவு இதற்கெல்லாம் அது போதும். (எங்கள் ஓவர்சியருக்கு மூன்று தடவை மாமியார் செத்தாள். மூன்றுக்கும் பத்துப் பத்துப் படிதான்.) 'அபாலஜைஸ்' நூறு படி. அதற்கு ஓரம் விட்ட நல்ல காகிதம் வேண்டும். 'பெக் யுவர் பார்டன்' என்று எழுதினால் மலை முக்கால்வாசி இறங்கியாயிற்று. அதற்கும் கீழே, 'மோஸ்ட் ஹம்ப்ளி அண்ட் ரெஸ்பெக்ட்ஃபுல்லி பெக்' என்று தொடங்கி, ஒரு மூச்சில் படிக்க முடியாத நீளத்துக்குப் போவது ஒன்று உண்டு. அது அடிவாரத்தையும் தாண்டிக் குளத்தில் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று சொல்வது. இறங்க இறங்க வார்த்தை நீளும் என்பது அவர் கண்டுபிடித்த விதி.

இரண்டு வார்த்தை மட்டும் இந்தக் கணக்கில் சேராது.

ஒன்று 'ரெக்ரெட்'. "அது மன்னிப்பே இல்லய்யா. கோட்டு போட்டுகினு, பொத்தான் அல்லாத்தையும் மாட்டிகினு 'அடடா'ன்றது. தப்பு எவனுதோன்னு அர்த்தம்."

இன்னொன்று 'சாரி'. "அது ஒரே படியில நிக்கிற ரெண்டு பேருக்குள்ள. துரை கால துரை மிதிச்சா சாரி. கீழ இருக்கறவன் மேல பாத்து சொன்னா திமிரு. மேல இருக்கறவன் கீழ பாத்து சொல்லவே வேணாம்."

இது தெரியாமல் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே மாட்டிக்கொண்டேன். கார்பன் தாளைத் திருப்பி வைத்து விட்டேன். நகல் விழ வேண்டிய தாளில் ஒன்றுமில்லை. அசல் கடிதத்தின் முதுகில் எல்லாம் இடவலம் மாறி விழுந்திருந்தது. துரை அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நான் "சாரி சார்" என்றேன். அவர் கடிதத்தை விட்டுவிட்டு என்னைப் பார்க்கத் தொடங்கினார். குமாஸ்தா எங்கிருந்தோ ஓடி வந்து என் சட்டைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார். அரை மணியில் நூற்றிருபது படிக்கு ஒரு கடுதாசி தயார். அதை டைப் அடிக்க வேண்டியவனும் நான்தான். கடுதாசியின் கீழ் இடது மூலையில் டைப் அடித்தவனின் இனிஷியல் இரண்டு எழுத்து போட வேண்டும் என்பது ஆபீஸ் முறை. என் மன்னிப்புக்கு நானே எழுத்துப் போட்டேன்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. "கார்பனுக்குப் போயி நூத்தியிருவது படியா சார்?"

"கார்பனுக்கு இருவது. சாரிக்கு நூறு" என்றார்.

அவரைப் பார்த்து நான் சிரித்தது உண்டு. உள்ளுக்குள் வெறுத்ததும் உண்டு. ஒருநாள் துரை அவசரமாகக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தபோது கதவு குமாஸ்தாவின் தோளில் மோதியது. துரை நடந்துகொண்டே "சாரி" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் சந்தோஷப்பட்டேன். "பாத்தீங்களா சார், உங்கள ஒரே படியில வெச்சுட்டார்" என்றேன். அவர் தோளைத் தேய்த்துக்கொண்டே கதவைப் பார்த்தார். "அது எனக்குச் சொன்னதில்லய்யா, கதவுக்கு" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை, அப்படியே நம்பிச் சொன்னார்.

துரைக்கு ஒரு காது மந்தம். எதாவது சரியாகக் காதில் விழாவிட்டால், "ஐ பெக் யுவர் பார்டன்?" என்று தலையைச் சாய்ப்பார். முக்கால் மலை இறங்கி நின்று துரை தன்னிடம் கேட்கிறார் என்று பயந்து எங்கள் ஓவர்சியர் கை கூப்பி விட்டார். இதை எந்தப் படியில் வைப்பது என்று குமாஸ்தாவுக்கே கடைசி வரை பிடிபடவில்லை. "அது காது சமாசாரம், நம்ம சமாசாரத்துல சேராது" என்று தள்ளிவிட்டார்.

இத்தனை மன்னிப்பு கைவசம் இருந்த மனிதர், தமிழில் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. நாங்கள் யாருமே கேட்பதில்லைதான். கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். சண்டை போட்ட வீட்டுக்கு மறுநாள் பூசணிக்காயில் பாதி போகும். அதற்கு மேல் வார்த்தை எதற்கு? அவர் வீட்டிலும் அப்படித்தான். தெருவுக்குப் பொதுவான கிணற்றில் தண்ணீர் இறைப்பது அவர் மனைவியின் வேலை. என்றைக்காவது விடிந்ததும் ஹெட் குமாஸ்தாவே இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு போனால், முந்தின நாள் வீட்டில் சண்டை, தப்பு இவருடையது என்று தெருவுக்கே தெரிந்துவிடும். நாலு நடையா எட்டு நடையா என்று பார்த்துச் சண்டையின் அளவையும் சொல்லி விடுவார்கள். ஒருதடவை பதினோரு நடை போனார். என்ன செய்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வருஷக் கடைசியில் அவருக்கு ஒரு தர்மசங்கடம் வரும். ஜனவரி முதல் தேதி காலையில் பங்களாவுக்குப் போய்த் துரை கையில் எலுமிச்சம்பழம் கொடுத்துக் கும்பிட வேண்டும். அது அந்தக் காலத்து உத்தியோக வழக்கம். எங்கள் மலையிலோ அதற்கு முந்தின நாள்தான் படிப்பூசை. ஒவ்வொரு படிக்கும் கற்பூரம் ஏற்றி, ஒவ்வொரு படியிலும் ஒரு பாட்டுப் பாடிக்கொண்டு கூட்டம் கூட்டமாக ஏறுவார்கள். துரைக்குக் கும்பிடு போடப் போகிறவர்களை முருகன் பக்கம் திருப்பத்தான் யாரோ சாமியார் இதை ஆரம்பித்தார் என்று சொல்வார்கள். குமாஸ்தா ஆற்றில் ஒரு காலும் சேற்றில் ஒரு காலுமாக இரண்டையும் செய்தார். ஏறிவிட்டு வந்து தூங்கிப்போய் மறுநாள் பங்களாவுக்குத் தாமதமானால் என்ன செய்வது? அதற்காக முப்பதாம் தேதியே ஒரு 'எக்ஸ்க்யூஸ்' எழுதிக் கொடுத்துவிடுவார். இன்னும் செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்டவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இனி முனிரத்தினத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் எங்கள் வண்டி மேஸ்திரி. பதினெட்டு மாட்டு வண்டி அவர் சொல்லுக்கு ஓடியது. பெற்ற பெண்ணே கூப்பிடுவதைக் கேட்டு, கல் உடைக்கிற ஜனங்களும் அவரை 'நைனா' என்றே கூப்பிட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாது. ஜல்லி ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவி, "இது ஒண்ணரை இஞ்ச்சி, இது முக்கா" என்பார். அளந்து பார்த்தால் சரியாக இருக்கும். குமாஸ்தா மேல் அவருக்கு அப்படி ஒரு மரியாதை. "எத்தினி படின்னு சொல்லி அடிப்பாருங்க நம்ம சாரு" என்று ஸ்டேஷன் போர்ட்டர்களிடம் பெருமை பேசுவார். குமாஸ்தா அவரை நீ என்பார், அவர் குமாஸ்தாவை நீங்க என்பார். எல்லா ஊரிலும் இருந்தது போலத்தான்.

அது ஐப்பசி மாதம். மைதானத்துக்கு ஒன்றரை இஞ்சு ஜல்லி ஆறு வேகன் வேண்டும் என்று காலையில் கடுதாசி வந்து குமாஸ்தா மேஜையில் கிடந்தது. குமாஸ்தா அதைப் பிரித்து, முந்தின நாள் கடுதாசியின் மேல் வைத்து, இரண்டின் மேலும் கையை ஊன்றிக்கொண்டு ஓவர்சியருக்காகத் துரைக்கு ஒரு மன்னிப்பு எழுதிக்கொண்டிருந்தார். 'அபாலஜைஸ்' போதுமா, இன்னும் இறங்கலாமா என்று அவருக்கு ஒரே யோசனை. முனிரத்தினம் வாசலில் வந்து நின்றார்.

"இன்னிக்கு இன்னா சைசுங்க?"

குமாஸ்தா தலை நிமிராமல் கைக்குக் கிடைத்த தாளை உருவிப் பார்த்தார். அது முந்தின நாள் தாள். "முக்கா இஞ்ச். ஆறு வேகன்" என்றார்.

"ஆங்" என்று மேஸ்திரி போய்விட்டார். நான் மூன்றடி தூரத்தில் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். என் காதால் கேட்டேன்.

ஆறு வேகன் முக்கால் இஞ்சு ஜல்லி அரக்கோணத்தில் இறங்கியது. ஒரு நாள் முழுக்க வேலை நின்றது. பட்டாளத்து அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து எங்கள் துரையை வராந்தாவில் நிற்க வைத்துக் கத்தினார். அன்று சாயங்காலமே துரையின் உத்தரவு வந்தது. யார் தப்பு? நாளைக் காலைக்குள் எழுத்தில் விளக்கம் வேண்டும். செய்தவன் வேலையில் இருக்க மாட்டான்.

குமாஸ்தா வீட்டில் ஏழு வாய். அவர் முகத்தை அன்றைக்குப் பார்த்தவனுக்குத்தான் அது தெரியும். பிறகு இரண்டு கடுதாசி எழுதினார். முதலாவது அவர் பேரில். நாலு வரிதான். 'ஐ ரெக்ரெட்' என்று ஆரம்பித்தது. எழுத்தறிவில்லாத வண்டி மேஸ்திரி சைஸைத் தவறாகப் புரிந்துகொண்டார் என்று முடிந்தது. இரண்டாவது முனிரத்தினத்தின் பேரில். அதற்கு ஒரு பக்கம் போதவில்லை. 'மோஸ்ட் ஹம்ப்ளி' என்று தொடங்கிக் குளத்துக்குள் இறங்கி, மூழ்கியே விட்டது.

நான் மிஷினில் தாளை ஏற்றாமல் அவரைப் பார்த்தேன்.

"இன்னாய்யா பாக்கற? தப்பு என்னுதுன்னா துரை சீட்டு கிழிச்சிடுவார். அவன் படிக்காதவன். இவ்ளோ கீழ எறங்கிக் கேட்டா, போறான் பாவம்னு வுட்டுடுவார். ரெண்டு பேரும் பொழச்சுக்கலாம். அடி."

அவர் அதை நம்பினார். இதை நான் அவருக்காகச் சொல்ல வேண்டும். கீழே இறங்கினவனை மேலே இருப்பவன் தூக்கிவிடுவான் என்று இருபது வருஷமாக நம்பி வந்தவர். நான் என்ன நம்பினேன்? ஒன்றும் நம்பவில்லை. மிஷினில் தாளை ஏற்றி இரண்டையும் அடித்தேன். கீழ் மூலையில் என் இரண்டு எழுத்தைப் போட்டேன்.

முனிரத்தினம் வந்தார். "உனக்கோசரம் துரைகிட்ட சிபாரிசு எழுதி இருக்கேன் மேஸ்திரி. கைநாட்டு வெய்" என்றார் குமாஸ்தா. ஜல்லியைத் தடவி அளவு சொல்லும் அந்தக் கட்டைவிரலை மேஸ்திரி மையில் தோய்த்து வைத்தார். "நீங்க எழுதினா செரியா இருக்கும் சார்" என்றார்.

குட்டக் குட்டக் குனிகிறவனைப் பற்றி நமக்குப் பழமொழி உண்டு. குனியக் குனியக் குட்டுகிறவனைப் பற்றியும் அதிலேயே உண்டு; அதைக் குமாஸ்தா மறந்துவிட்டார். இவ்வளவு மன்னிப்புக் கேட்கிறவன் எவ்வளவு பெரிய தப்புச் செய்திருக்க வேண்டும் என்றுதான் துரைக்குத் தோன்றியது. நாலு வரி எழுதியவனை அவர் சந்தேகிக்கவே இல்லை. மத்தியானத்துக்குள் முனிரத்தினத்துக்கு வேலை போய்விட்டது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

நாலு நாள் கழித்து மேஸ்திரி குமாஸ்தா வீட்டுக்கு ஒரு கூடை சீத்தாப்பழம் கொண்டுவந்து கொடுத்தார். நான் அப்போது அங்கே இருந்தேன். "உங்களால ஆனத செஞ்சீங்க சார். ரெண்டு பக்கம் எழுதினீங்கன்னு பியூன் சொன்னான். என் தலயெழுத்து அப்பிடி" என்று சொல்லிவிட்டுப் போனார். குமாஸ்தா அந்தக் கூடையை வீட்டுக்குள் எடுத்துப் போகவில்லை. பழம் வெடித்து எறும்பு மொய்க்கிற வரை வாசலிலேயே இருந்தது.

அதற்குப் பிறகு அவரிடம் மன்னிப்பு எழுதக் கேட்டு வந்தவர்களிடம் மூன்று கேள்வி கேட்பதை விட்டுவிட்டார். "வேற யார்கிட்டயாவது போய்யா" என்று அனுப்பினார். அவர் மனைவி என்னை வழியில் பார்த்து, "ஆபீஸ்ல இன்னா தம்பி ஆச்சு? தெனம் காலையில குடத்த எடுத்துகினு கெணத்துக்குப் போறார். எங்களுக்குள்ள சண்டையே இல்ல" என்றாள். நான் தெரியாது என்றேன்.

முனிரத்தினத்துக்கு மலைப்படியில் சுமை தூக்கும் வேலை கிடைத்தது. யாத்திரைக்கு வருகிறவர்களின் மூட்டை, பாத்திரம், அரிசி எல்லாவற்றையும் தலையில் ஏற்றி உச்சிக்குக் கொண்டுபோக வேண்டும். ஐம்பது வயதில் அந்த வேலை.

அந்த வருஷப் படிப்பூசைக்கு நானும் குமாஸ்தாவும் மத்தியானம் ஏறினோம். வெயில் உறைக்கவில்லை. மேலும் கீழும் பாட்டுச் சத்தம், கற்பூரப் புகை. பாதிக்கு மேல் ஏறியிருப்போம். பின்னாலிருந்து, "ஒத்து, ஒத்து" என்று வழி விலக்கும் குரல் வந்தது. திரும்பினால் முனிரத்தினம். தலையில் பெரிய பித்தளை அண்டா, அதற்குள் என்னென்னவோ சாமான். பின்னால் சித்தூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது. எங்களைப் பார்த்ததும் மேஸ்திரி சுவரோரம் ஒதுங்கினார்.

"நீங்க போங்க சார் மொதல்ல."

குமாஸ்தா அவருக்கு இரண்டு படி மேலே நின்றிருந்தார். இறங்கினார். ஒரு படி, இன்னொரு படி. மேஸ்திரி நின்ற படியிலேயே அவருக்கு நேராக நின்றார்.

"சாரி" என்றார்.

"இன்னா சார்?"

குமாஸ்தா தமிழில் சொன்னார். "மேஸ்திரி, அன்னிக்கு முக்கா இஞ்ச்னு சொன்னது நான்தான். பழைய கடுதாசியப் பாத்து சொல்லிட்டேன். நீங்க கைநாட்டு வெச்சீங்களே, அதுல தப்பு உங்களுதுன்னு எழுதி இருந்தேன்."

அவர் முனிரத்தினத்தை 'நீங்க' என்று சொல்லி அன்றுதான் கேட்டேன்.

பக்கத்துப் படியில் யாரோ கற்பூரம் ஏற்றிவிட்டு அடுத்த படிக்குப் போனார்கள்.

"சிபாரிசுன்னீங்களே."

"மன்னிப்புக் கடுதாசி. துரை வுட்டுடுவார்னு நெனச்சிட்டேன்."

"எத்தினி படி?"

"அல்லாப் படியும்."

"உனக்கு எழுதிகினது?"

"ஒண்ணு கூட எறங்கல."

மேஸ்திரி என்னைப் பார்த்தார். "டைப்பு அடிச்சது இவரா?"

"ஆங்" என்றார் குமாஸ்தா. நான் பாடுகிறவர்கள் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வெட்கம் என்று இப்போது சொல்லலாம். அப்போது பயம்தான்.

முனிரத்தினம் அண்டாவை மெதுவாக இறக்கிப் படியில் வைத்தார். முகத்தைத் துடைத்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். குமாஸ்தாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டார். மேஸ்திரி தன் தலைச் சும்மாட்டை எடுத்து, துண்டை உதறி மறுபடி வளையமாகச் சுற்றி, குமாஸ்தாவின் தலையில் வைத்து அழுத்தினார்.

"மிச்சத்த நீ தூக்கினு வா" என்றார்.

இரண்டு பேருமாக அண்டாவை ஏற்றினோம் என்று எழுத ஆசைதான். நான் கை கொடுக்கவில்லை. மேஸ்திரிதான் ஏற்றிவிட்டார். குமாஸ்தாவின் கழுத்து உள்ளே போய்விட்டது. ஒவ்வொரு படியிலும் பூசை நடந்ததால் ஒவ்வொரு படியிலும் நிற்க வேண்டும், நின்றால் சுமை இன்னும் கனக்கும். அண்டாவுக்குச் சொந்தக்கார அம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"எவுரய்யா இந்த ஆளு? அண்டாவக் கீழ போட்டுட்டா யாரு பதில் சொல்றது?"

"புது ஆளும்மா. இன்னிக்குதான் சேந்தாரு" என்றார் முனிரத்தினம்.

உச்சியில் சுமையை இறக்கியதும் குமாஸ்தா தரையில் உட்கார்ந்துவிட்டார். மேஸ்திரி சும்மாட்டைத் திரும்ப வாங்கிப் பிரித்துத் தோளில் போட்டுக்கொண்டார். "இப்ப போயி துரைக்கு எழுது" என்று சொல்லிவிட்டு, அடுத்த நடைக்குக் கீழே இறங்கினார்.

மறுநாள் காலை பங்களா வாசலில் எல்லாரும் எலுமிச்சம்பழத்தோடு வரிசையில் நின்றோம். குமாஸ்தாவைக் காணவில்லை. ஆபீஸ் கதவு திறந்திருந்தது. உள்ளே போனேன். கழுத்தைத் திருப்ப முடியாமல் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். எனக்காகத்தான் காத்திருந்தார்.

"அடி" என்றார். சொல்லச் சொல்ல அடித்தேன். தப்பு என்னுடையது. வண்டி மேஸ்திரி நான் சொன்னதைத்தான் செய்தார். ஐ ஆம் சாரி. அவ்வளவுதான்.

"சார், சாரின்னா திமிருன்னு நீங்கதானே..."

"தெரியும்."

"கொஞ்சம் எறங்கி எழுதினா உங்க வேலையாச்சும் தங்கும் சார்."

அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு மை காய ஊதினார். "அல்லாப் படியும் மேஸ்திரி பேர்லயே எறங்கித் தீத்துட்டேன்யா. எனக்குன்னு ஒண்ணும் மீதி இல்ல" என்றார்.

மூன்றாம் நாள் துரையிடமிருந்து பதில் வந்தது. வண்டி மேஸ்திரி திரும்ப வேலைக்கு வரலாம். ஹெட் குமாஸ்தாவின் சேவை இனித் தேவையில்லை என்பதைத் தெரிவிக்க, 'ஐ ரெக்ரெட்' என்று துரை எழுதியிருந்தார். குமாஸ்தா அந்த வார்த்தையில் விரலை வைத்து, ஐப்பசிக்குப் பிறகு முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தார். "பாத்தியா, கோட்டு போட்டுகினு சொல்றார்."

கனகம்மாசத்திரத்தில் அவர் மைத்துனர் அரிசி மண்டி வைத்திருந்தார். குடும்பத்தோடு அங்கே போவதாக முடிவாயிற்று. சாமான் ஏற்ற முனிரத்தினமே வண்டி ஓட்டிக்கொண்டு வந்தார். யாரும் கூப்பிடவில்லை. பாயும் தவலையும் உரலும் ஒவ்வொன்றாக அவரே ஏற்றிக் கயிறு கட்டினார். பெண்டு பிள்ளைகள் ஏறி உட்கார்ந்தார்கள். குமாஸ்தா முன்னால் வண்டிக்காரர் பலகையில் மேஸ்திரிக்கு இடம் விட்டு உட்கார்ந்தார். கடைசியாக வாசலில் ஒரு இரும்புப் பெட்டி மிச்சம் இருந்தது. இருபது வருஷமாக அவர் எழுதிய மன்னிப்புக் கடுதாசிகளின் நகல் எல்லாம் அதற்குள் இருந்தன. மேலாக இருந்த மூன்று வருஷத்துக் கடுதாசிகள் எல்லாவற்றின் கீழ் மூலையிலும் என் இரண்டு எழுத்து இருக்கும்.

வழியனுப்ப வந்தவனாக நான் ஓரமாக நின்றிருந்தேன்.

முனிரத்தினம் அந்தப் பெட்டியிடம் போனார். குனியவில்லை. தோளிலிருந்து துண்டை எடுத்து, நிதானமாகச் சும்மாடு சுற்றி, என்னிடம் நீட்டினார்.

"டைப்பு, இத்த நீ தூக்கு" என்றார்.

தூக்கினேன்.